மூளையில் தமிழ் இருக்கிற இடம்

நான் வசிக்கும் வட ஸ்வீடனில் 'ஆமாம்' என்பதற்குச் சொல்லே தேவையில்லை. உதட்டைக் குவித்து மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுத்தால் போதும். 'ஷுப்' என்று ஒரு சத்தம் வரும், அதுதான் ஆமாம். வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த அன்று, அலுவலகத்தில் இருந்த பெண்மணியிடம் என் அடையாள அட்டை தயாரா என்று கேட்டேன். 'ஷுப்' என்றார். சூடான காப்பியை விழுங்கிவிட்டார் போலிருக்கிறது என்று கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டேன். மறுபடியும் 'ஷுப்'. மூன்றாவது தடவை, "தண்ணீர் கொண்டுவரட்டுமா?" என்றேன். அவர் என்னையும் என் கையிலிருந்த காகிதங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இது நடந்து ஒன்பது வருடமாகிறது. இப்போது நானும் அப்படித்தான் மூச்சை இழுக்கிறேன். போன வாரம் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து அம்மா போனில் "சாப்ட்டியா?" என்று கேட்க, என்னையறியாமல் 'ஷுப்' வந்துவிட்டது. "ஏன்டி, மொளகாயக் கடிச்சிட்டியா?" என்றாள்.

ஒரு சொல் எங்கிருந்து நாக்குக்கு வருகிறது, எங்கே போய் மறைகிறது என்று நான் முன்பெல்லாம் யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தவர் முனிராஜ். அது அவருடைய உண்மைப் பெயரல்ல. ஆனால் இதை எழுதச் சொன்னவர் அவரேதான். "நம்மூருக்காரங்களுக்குத் தெரியட்டுங்க்கா, பேர மட்டும் மாத்திடுங்க" என்றார்.

நான் வேலை செய்வது ஒரு பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையில். கட்டடத்துக்கு அடியில் தெருக்களைப் போல நீண்ட சுரங்க நடைகள் உண்டு. டாக்டர்கள் சிறுவர்களைப் போல ஒரு காலால் உந்தித் தள்ளும் வண்டிகளில் அங்கே பறப்பார்கள். எங்கள் பிரிவும் அங்கேதான். அறுவை முடிந்து வரும் கருவிகளைக் கழுவி, நீராவியில் கிருமி நீக்கி, தட்டுகளில் வரிசைப்படி அடுக்கி, பொதிந்து மேலே அனுப்புவது எங்கள் வேலை. அந்தக் கருவிகளில் பேனாவைப் போன்ற கைப்பிடியும், முனையில் இரண்டு சின்னஞ்சிறு உருண்டைகளும் கொண்ட ஒரு கம்பி உண்டு. வருடக்கணக்காக அதைப் பொதிந்து அனுப்பியிருக்கிறேன். எதற்கென்று தெரியாது. கேட்டதும் இல்லை.

ஒரு நாள் கரின் என்ற பெண் எங்கள் பிரிவுக்கு இறங்கி வந்தார். அவர் லொகொபேட், அதாவது பேச்சுப் பயிற்சியாளர். மூளை அறுவைக்காரர்களோடு சேர்ந்து ஆராய்ச்சியும் செய்பவர். "உங்களுக்குத் தமிழ் தெரியும் என்றார்கள். எந்தப் பகுதித் தமிழ்?" என்று கேட்டார். இந்த நாட்டில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. இந்தியா என்றதும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தர்மபுரி என்றேன். கரின் கையிலிருந்த தாளைப் பார்த்து, எழுத்துக் கூட்டி, "பாப்பி... ரெட்டி..." என்று திணறினார். நான்தான் முடித்து வைத்தேன். பாதாள அறையில், பனி மூடிய ஒரு நாட்டில், என் தாலுகாவின் பெயர்!

பாப்பிரெட்டிப்பட்டி முனிராஜின் மனைவி மஞ்சுளாவின் ஊர். முனிராஜ் தொப்பூருக்குப் பக்கம். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் தமிழ். கணவாய்ச் சாலையில் லாரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவர், ஒரு உறவினர் மூலம் இங்கே இந்திய உணவகத்துக்குச் சமையல்காரராக வந்தார். பதினோரு வருடத்தில் ஸ்வீடிஷும் சரளமாகிவிட்டது. ஒரு மதியம் அடுப்படியில் நின்றபோது யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். பதில் சொல்ல வாய் திறந்தார், சொல் வரவில்லை. வலது கை உதறத் தொடங்கியது. விழுந்துவிட்டார். படம் எடுத்துப் பார்த்தால் மூளையின் இடப் பக்கம், பேச்சுக்குரிய பகுதியை ஒட்டி ஒரு கட்டி. மெதுவாக வளர்கிற வகை. ஆனாலும் எடுத்தாக வேண்டும். அதுவும் அவர் விழித்திருக்கும்போதே, பேச வைத்துக்கொண்டே எடுக்க வேண்டும். பல மொழி பேசுகிறவர்களின் மூளையில் மொழிகள் எங்கெங்கே அமர்ந்திருக்கின்றன என்பதுதான் கரின் குழுவின் ஆராய்ச்சி.

சிக்கல் இதுதான். அறுவைக்கு முன் படங்களைக் காட்டிப் பெயர் சொல்ல வைத்திருக்கிறார்கள். தொலைபேசியில் உதவிய மொழிபெயர்ப்பாளர் நல்லவர்தான், ஆனால் வேறு பகுதித் தமிழர். வீட்டின் படத்தைப் பார்த்து முனிராஜ் 'வூடு' என்றார். கோழியைப் பார்த்து 'கோளி' என்றார். ஒலிப்பில் தவறு என்று குறிப்பு எழுதப்பட்டது. கட்டி பேச்சு ஒலிகளைக் கெடுக்க ஆரம்பித்துவிட்டது என்று கரின் பயந்துபோனார்.

"ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது" என்றார் கரின். "அதே தவறுகளை அவர் மனைவியும் செய்கிறார். அவருக்குக் கட்டி எதுவும் இல்லை."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அது தவறு இல்லை. அது எங்கள் ஊர்" என்றேன்.

கரின் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். அறுவையின்போது மூளையின் ஒரு புள்ளியை மெல்லிய மின்சாரத்தால் தொட்டதும் சொல் தவறினால், அந்த இடத்தில் கத்தி படாது; அங்கே கட்டி இருந்தாலும் விட்டுவிடுவார்கள். சரியான சொல்லைத் தவறென்று குறித்தால் எடுக்கக்கூடிய கட்டி உள்ளேயே தங்கிவிடும். தவறான சொல்லைச் சரியென்று குறித்தால் பேச்சையே வெட்டிவிடுவார்கள். என் சிரிப்பு அடங்கிவிட்டது. 'வூடு' என்று சொன்னதற்காகப் பள்ளியில் என்னை எழுப்பி நிற்க வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு எழுத்தின்மேல் ஒரு மனிதனின் ஆயுள் இப்படி வந்து நிற்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

மேலதிகாரியின் அனுமதி, ரகசியம் காப்பதாகக் கையெழுத்து எல்லாம் முடிந்து நான் கரினோடு சேர்ந்தேன். சிகிச்சை பற்றிய முறையான பேச்சுக்குச் சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் இருந்தார். சொற்களைச் சோதிப்பதும், தம்பதிகளோடு கூட இருப்பதும் என் பங்கு. எங்கள் தெருவில் பாதி வீடுகள் தெலுங்கு பேசியவை என்பதால் அதுவும் எனக்குப் பழக்கம். சோதனைப் படங்களில் பல இந்த ஊருக்கே உரியவை. பனிச்சறுக்குக் கட்டை, காட்டு மான், கம்பளிக் கையுறை. முனிராஜுக்கு அவை ஸ்வீடிஷில் மட்டுமே தெரியும். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வரையச் சொன்னோம்: புளியம்பழம், லாரி, குடம், மாம்பழம், களி உருண்டை. களி உருண்டையைப் பார்த்த ஓவியர் "இது என்ன பந்து?" என்று கேட்டார். பஸ் படத்துக்கு முனிராஜ் மூன்று மொழியிலும் கிட்டத்தட்ட ஒரே சொல்லைச் சொன்னபோது, "பஸ் என்பது தமிழா?" என்று கரின் கவலைப்பட்டார். "எங்கள் ஊரில் அதுதான் தமிழ்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

அந்தச் சோதனைகளில் ஒரு நாள் முனிராஜை ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார்கள். தடங்கலே இல்லாமல் எண்ணினார். பிறகு கரின் என்னிடம், "எண்ணுவதை மட்டும் நம்பக்கூடாது. வரிசையாக மனப்பாடமானது வேறு. தேவையான ஒரு சொல்லைத் தேடி எடுப்பது வேறு. சொல்லெல்லாம் போனவர்கள்கூடக் கிழமைகளை வரிசையாகச் சொல்லிவிடுவார்கள்" என்றார். எனக்கு அப்பா நினைவுக்கு வந்தார்.

அப்பா மொரப்பூர் ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர், தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். ஒரு காலையில் பக்கவாதம் வந்து விழுந்தார். வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே நீட்டிய தாள்களிலெல்லாம் மாமா கையெழுத்துப் போட்டார்; என்ன எழுதியிருந்தது என்று அவருக்கும் தெரியாது, நாங்களும் கேட்கவில்லை. அப்பா உயிரோடு திரும்பி வந்ததே பெரிது. ஆனால் பேச்சு போய்விட்டது. தண்ணீர் கேட்க வாயைத் திறப்பார். ஜோலார்பேட்டையில் தொடங்கி மொரப்பூர், புட்டிரெட்டிப்பட்டி, பொம்மிடி என்று சேலம் வரைக்கும் ஸ்டேஷன் பெயர்கள்தான் கொட்டும். அம்மாவின் பெயர் வராது. என் பெயர் வராது. பார்க்க வந்தவர்கள் "புத்தி பெரண்டுபோச்சு" என்றார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். சேலம் வந்ததும் அப்பா நிறுத்திவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்து அழுவார். இரண்டு வருடம் இப்படி இருந்து போய்ச் சேர்ந்தார்.

இதைக் கரினிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவருக்குப் புத்தி போகவில்லை. என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். சொல்லுக்குப் போகிற வழிதான் அடைந்துபோயிருக்கும்" என்றார். சுரங்க நடையில் சுவரோரம் நின்று வெகுநேரம் அழுதேன். அப்பா கடைசி வரை உள்ளே முழுசாக இருந்திருக்கிறார். நாங்கள்தான் அவரைக் காலி வீடு என்று நினைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். எவ்வளவு பெரிய விஷயம் இது, இங்கே எவ்வளவு சாதாரணமாகத் தெரிந்திருக்கிறது! அந்த ஆராய்ச்சிக் கூடத்தின்மேல் எனக்குப் பக்தி என்றே சொல்லத்தக்க ஒன்று அன்றைக்குத்தான் வந்தது.

அறுவைக்கு முந்தின வாரம் அறுவை மருத்துவர் தம்பதிகளை அழைத்துப் பேசினார். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி, ஒல்லியான விரல்கள். ஆராய்ச்சிக்காக மூன்று மொழியிலும் சோதிப்பதால் கூடுதல் நேரம் ஆகும், அந்த ஆராய்ச்சிப் பங்கால் உங்களுக்கு நேரடி நன்மை இல்லாமல் போகலாம், பின்னால் வருகிறவர்களுக்கு உதவலாம், வேண்டாம் என்றால் காரணம்கூடச் சொல்ல வேண்டாம் என்றார். முனிராஜ் என் பக்கம் குனிந்து, "அக்கா, வேணாம்னு சொன்னா கோவிச்சுக்குவாங்களா? வைத்தியத்துல கொறை வெச்சிருவாங்களா?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் கேள்வியை அப்படியே சொன்னார். டாக்டருக்குப் புரியவில்லை. "கோபமா? யாருக்கு? எதற்கு?" என்று இரண்டு தடவை கேட்டார். விளக்கிய பிறகு அவர் முகம் சிவந்துவிட்டது. "ஒருபோதும் இல்லை" என்றார். முனிராஜ் பேனாவை எடுத்தார். "எனக்கு ஒதவலேன்னாலும் பரவால்லீங்க. என்னயாட்டம் ரெண்டு மூணு பாஷ பேசறவன் இன்னொருத்தன் வருவானில்ல" என்று கையெழுத்துப் போட்டார்.

டாக்டரின் அடுத்த கேள்விதான் எல்லோரையும் நிறுத்திவிட்டது. மூன்றையும் காப்பாற்றத்தான் முயல்வோம். ஒருவேளை முடியாவிட்டால் எந்த மொழி உங்களுக்கு முக்கியம்? முனிராஜ் மஞ்சுளாவைத் திரும்பிப் பார்த்தார். தொப்பூரில் இருக்கும் அவர் அம்மாவுக்குத் தெலுங்குதான் வரும். மஞ்சுளாவுக்குத் தமிழ்தான். இங்கே பிறந்த மகள் திவ்யா எல்லாவற்றையும் புரிந்துகொண்டாலும் வாய் திறந்தால் ஸ்வீடிஷ். மஞ்சுளா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தமிழு போனாலும் போவட்டுங்க. நான் தெலுங்கு கத்துக்கறேன். ஆளு இருந்தா போதும்."

மொழிபெயர்த்ததும் டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொள்ளப் போனார்: தமிழ் அவசியமில்லை. முனிராஜ் பதறி, நேராக ஸ்வீடிஷிலேயே, "இல்லை, இல்லை! அவள் சும்மா சொல்கிறாள். நான் பயப்படக் கூடாதென்று சொல்கிறாள்" என்றார். டாக்டர் பேனாவை மூடினார். "அப்படியானால் மூன்றையும் ஒன்றுபோல நினைத்து வேலை செய்வோம். கொஞ்சம் கட்டியை விட வேண்டி வந்தால் விடுவோம், தொடர்ந்து கண்காணிப்போம்" என்றார். முனிராஜ் சம்மதித்தார்.

அறுவை நாளில் பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் முனிராஜின் முகம், நான், கரின். அந்தப் பக்கம் டாக்டர்கள். மேலே ஒரு வீடியோத் திரை. நிமிர்ந்து பார்த்தேன். முத்து நிறத்தில், சிவப்பு நரம்புகள் கொடிபோலப் படர, மூச்சுக்கும் நாடிக்கும் ஏற்ப மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது முனிராஜின் மூளை. அதே நேரம் முனிராஜ் என் முகத்துக்கு நேரே கண்ணைச் சிமிட்டி, "குளுருதுங்க்கா" என்றார். ஒரு மனிதனை உள்ளும் புறமுமாக ஒரே சமயத்தில் பார்த்தேன். கோயில் கருவறைக்கு எதிரே நிற்கும்போதுகூட எனக்கு அப்படிக் கைகூப்பத் தோன்றியதில்லை.

எண்ணச் சொன்னார்கள். "பதினாறு, பதினேழு, பதினெட்டு, பத்..." நின்றுவிட்டது. வாய் திறந்திருக்கிறது, கண் விழித்திருக்கிறது, சொல் இல்லை. திரையில் பார்த்தேன். நான் வருடக்கணக்காகக் கழுவிப் பொதிந்த அந்தக் கம்பி! அதன் இரண்டு நுனிகளும் மூளைமேல் பட்டும் படாமல் இருந்தன. கம்பி எழுந்தது. "பத்தொம்பது" என்றார் முனிராஜ், எதுவும் நடக்காததுபோல. அந்த இடத்தில் எண் எழுதிய சின்னக் காகிதத் துண்டு ஒன்றை வைத்தார்கள்.

பிறகு படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் நான் 'சரி' அல்லது 'இல்லை' என்று சொல்ல வேண்டும், உடனே. லாரி, சரி. குடம், சரி. கோளி, சரி. வீட்டின் படம் வந்தது. முனிராஜ் பார்த்தார். "இது... இது வந்து..." உதடு துடித்தது. "இல்லை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை உரக்கச் சொன்னேன். தெலுங்கில் கேட்கச் சொன்னார்கள், கேட்டேன். "இல்லு" என்றார் சட்டென்று. ஸ்வீடிஷில், "ஹூஸ்". தமிழில் மறுபடி. "இது வந்து..." கம்பியை எடுத்ததும், "வூடு! வூடு!" என்று அவரே கத்தினார். மூன்று தடவை சோதித்தும் அதே. கடுகளவு இடம். அங்கே தமிழ் இருந்தது. கொற்றவனும் புலவனும் வளர்த்த மொழி என்றெல்லாம் மேடையில் கேட்டிருக்கிறேன்; இரும்புக்கம்பி நுனியில் ஈரமாகத் துடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தது அன்றுதான்.

அந்த இடத்துக்குக் கீழேயும் கட்டி நீண்டிருந்தது. டாக்டர் கருவியைக் கீழே வைத்தார். "இதை விடுகிறோம்" என்றார்.

மற்ற இடங்களில் கட்டியை எடுக்கும்போது முனிராஜ் நிறுத்தாமல் பேச வேண்டும். "என்னத்தப் பேசறதுங்க?" என்றார். பரோட்டாவுக்கு மாவு பிசைவது எப்படி என்று கேட்டேன். உற்சாகமாக ஆரம்பித்துவிட்டார். "எண்ணெயத் தடவி வெச்சிட்டு, அப்பறம் நல்லா ரெஸ்ட் வுடணுங்க்கா, ரெஸ்ட் வுடலேன்னா..." ரெஸ்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் மயக்க மருத்துவர் கையை உயர்த்தினார். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். நோயாளி களைத்துவிட்டாராம், ஓய்வு கேட்கிறாராம். "அவருக்கில்லை, மாவுக்கு!" என்றேன். துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு கேட்டது. முனிராஜ், "என்னங்க்கா ஆச்சு?" என்றார்.

சிரிப்பு அன்றோடு சரி. மறுநாள் முனிராஜுக்குப் பேச்சே இல்லை. வீக்கத்தால் அப்படி ஆகும், பெரும்பாலும் திரும்பிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லக் கேட்பது வேறு, பார்ப்பது வேறு. நான் வேலை முடிந்து தினமும் போனேன். மஞ்சுளா கட்டிலோரம் அசையாமல் இருந்தார். நான்காம் நாள் நர்ஸ் தலையணையைச் சரிசெய்தபோது, "தாக்" என்றார் முனிராஜ், ஸ்வீடிஷில் நன்றி. திவ்யா துள்ளிக் குதித்தாள். ஆறாம் நாள் போனில் அம்மாவின் குரல் கேட்டுத் தெலுங்கில் இரண்டு வார்த்தை. தமிழ் மட்டும் வரவில்லை. மஞ்சுளாவைப் பார்ப்பார், வாயைத் திறப்பார், மூடிக்கொள்வார். அப்பாவின் முகம் என் கண்முன் வந்து நின்றது. "எல்லாம் உள்ள இருக்கு மஞ்சுளா. அவருக்குத் தெரியுது. வழிதான் இன்னும் தொறக்கல" என்றேன். எங்கள் வீட்டில் யாரும் அம்மாவிடம் சொல்லாத வார்த்தை அது.

அன்று மஞ்சுளா என்னை வராண்டாவுக்கு இழுத்துப்போய், "தண்ணி வேணுமான்னு தெலுங்குல எப்படிக்கா கேக்கறது?" என்றார். சொல்லிக்கொடுத்தேன். உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தார். ஒன்பதாம் நாள் சாயங்காலம், வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது, டம்ளரை எடுத்துக்கொண்டு கணவர் முன் நின்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாட்டு ஒப்பிப்பதுபோல, "நீள்ளு காவாலா?" என்றார்.

முனிராஜ் அவரை ஏறிட்டுப் பார்த்தார். உதட்டோரம் சிரிப்பு கிளம்பியது.

"உனக்கு... எதுக்கு... இந்த வேல?" என்றார். தமிழில்.

மஞ்சுளா டம்ளரோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது முனிராஜ் மறுபடி அடுப்படியில் நிற்கிறார். சில சொற்களுக்கு இன்னும் தேட வேண்டியிருக்கிறது. விட்டுவைத்த கட்டியை அவ்வப்போது படம் எடுத்துப் பார்க்கிறார்கள். அது சும்மா இருக்கிறது. என்றாவது அது சும்மா இருக்காது என்பது முனிராஜ், மஞ்சுளா இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி மஞ்சுளா பேசுவதில்லை.

கரினின் ஆராய்ச்சிக்கு நோயில்லாத ஆட்களும் தேவைப்பட்டார்கள். நான் பெயர் கொடுத்தேன். ஸ்கேன் எடுக்கும் பெரிய குழாய்க்குள் படுத்துக்கொண்டு, இரைச்சலுக்கு நடுவே, படங்களுக்கு மனசுக்குள் ஒரு முறை தமிழிலும் ஒரு முறை ஸ்வீடிஷிலும் பெயர் சொன்னேன். சில வாரம் கழித்துக் கரின் என் மூளையின் படத்தை அச்சடித்துக் கொடுத்தார். தமிழுக்குச் சிவப்பு, ஸ்வீடிஷுக்கு நீலம். பல இடங்களில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஊதாவாகிக் கிடந்தன. "இங்கே பிரித்துக் காட்ட முடியவில்லை, மன்னிக்கவும்" என்றார் கரின்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதை மடிமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு ஒரு பெண்மணி. இந்த ஊரில் பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அழகான தீவுகள். எந்த நாட்டு வரைபடம்?"

விளக்க வாயெடுத்தேன், விட்டுவிட்டேன். ஊதா நிறத்தின்மேல் விரலை வைத்து, "நான் இங்கே இருக்கிறேன்" என்றேன்.

"அங்கே குளிர் அதிகமோ?" என்றார் அவர்.

"நீலப் பக்கம் மட்டும்" என்றேன்.